நாணுக்கு வால் கொடுத்த முயல்

இதை எனக்கு முதலில் சொன்னவர் காரமடைப் பக்கத்துப் பொன்னாத்தாள் அக்கா. என் மூத்தவன் காலேஜில் சேர்ந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனோம். காலில் கொப்புளம் கண்டு நான் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் கூட உட்கார்ந்து, வலி மறக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தார். அவருடைய பிறந்த வீட்டுச் சுவரில் ஒரு பழைய மூங்கில் வில் மாட்டியிருக்குமாம். அதன் நாணில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சின்ன முடிக் குஞ்சம் கட்டியிருக்குமாம். அழகுக்கா என்று கேட்டேன். அதற்குத்தான் இந்தக் கதையைச் சொன்னார். எனக்கு நினைவு இருக்கிறபடி எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில், மனுஷர் பேச்சும் மிருகத்தின் பேச்சும் ஒரே பேச்சாக இருந்த நாளில், ஒரு மலைச்சரிவில் பதினோரு குடிசைகள் இருந்தன. அவர்களுக்குத் தினைதான் சோறு. அப்போது முயலுக்கு அணிலைப் போல நீளமான, புசுபுசுவென்ற வால் உண்டு. காது மட்டும் எலிக்காது அளவுதான்.

அந்த மலையில் ஒரு வழக்கம். ஒருவனுக்குப் பெண் கொடுக்க வேண்டுமென்றால் பெண் வீட்டார் வந்து அவன் வில்லைக் கையில் வாங்கி, நாணை ஒருமுறை சுண்டிப் பார்ப்பார்கள். டொய்ங்ங் என்று எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு கெட்டிக்காரன் மாப்பிள்ளை. அதனால் ஆண்கள் எல்லாரும் மருள் செடியின் நாரைத் திரித்து, முறுக்கி, மெழுகு தேய்த்து, நாண் பாடும்படியாகவே வில் கட்டினார்கள். மாசன் என்பவனுடைய வில் அடுத்த மலைக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் தும்பியை அவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு கிழட்டு ஆண்பன்றி தன் கூட்டத்தோடு அந்தச் சரிவுக்கு வந்து சேர்ந்தது. ஊர்த் தலைவர் போன்ற அதன் நடையைப் பார்த்துவிட்டு ஜனங்கள் அதற்குப் பெரியதனக்காரர் என்று பேர் வைத்தார்கள். அவர் ஒரு தினைக் கொல்லையில் இறங்கினால் காலையில் அங்கே மண்தான் மிஞ்சும். மேற்குக் கொல்லை போயிற்று. ஓடைக் கொல்லை போயிற்று. கிழக்குச் சரிவில் ஒரே ஒரு கொல்லை மட்டும் கதிர் வாங்கி நின்றது. அதுவும் போனால் பதினோரு குடிசையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். தும்பிக்குப் பால்குடி மறக்காத கைக்குழந்தை வேறு.

அந்தக் கொல்லையைக் காக்க மாசனைப் பரண்மேல் ஏற்றினார்கள். பொழுது சாயும் நேரம் பெரியதனக்காரர் வந்தார். மாசன் குறி வைத்தான். கண் பிசகவில்லை. விட்டான். டொய்ங்ங் என்றது நாண். பன்றி அப்படியே குந்தி உட்கார்ந்தது. அம்பு அதன் முதுகுக்கு மேலே போய் மண்ணில் குத்தியது.

"நல்ல வில்லு, மாப்பிள்ளை," என்றது பன்றி. "நல்ல குடும்பத்துப் பொண்ணாட்டம் இருக்குது. அம்பு வர்றதுக்கு முன்னாலயே ஓடி வந்து, 'ஐயா, வருது, ஒதுங்கிக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போகுது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, கேட்போம்."

மாசன் ஆறு அம்பு விட்டான். ஆறு முறையும் பன்றி குந்தியது, எழுந்தது, தின்றது. கொல்லையில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்கே காலி.

வீட்டுக்கு வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே தும்பி சொன்னாள். "ஏனுங்க, குறி தப்பலை. உங்க வில்லு வாய் ஓயாது. அதுதான் காட்டிக் கொடுக்குது."

"இந்த வாயைக் கேட்டுத்தான் உங்கப்பன் உன்னைக் கொடுத்தான்."

"கொடுத்தாரு. இப்ப அந்தப் பாட்டையே கரைச்சுப் பிள்ளைக்கு ஊத்துங்க."

மாசன் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். ஆனாலும் கைக்குழந்தை அழுகிற சத்தம் அவனைப் படுக்க விடவில்லை. விடிந்ததும் அவனே வில்லை எடுத்துக்கொண்டு தும்பியிடம் வந்தான்.

நாணைத் தளர்த்திப் பார்த்தார்கள். சத்தம் குறைந்தது, அம்பும் நாலடியில் படுத்துக்கொண்டது. நாணின் நடுவில் துணி சுற்றிப் பார்த்தார்கள். அம்பின் பின்புறம் நாணில் உட்காரவே இல்லை. நாண் முழுக்கத் துணி சுற்றினார்கள். ஈரப்புடவை கட்டிய கிழவி மாதிரி அது மெல்ல அசைந்தது.

வேலியோரத்தில் இருந்து யாரோ சிரித்தார்கள். பார்த்தால் ஒரு முயல். வரப்பில் வளை போட்டுக் குடியிருந்தவள்.

"துணி கனம், அக்கா," என்றாள் முயல். "கனமில்லாமல் மெத்தென்று இருக்கிற எதையாவது கட்டு. நான் ஓடுறது உனக்கு என்றைக்காவது கேட்டிருக்கா?"

"இல்லையே."

"பின்னால என் வால் காத்தைத் தடவிக்கிட்டே வருது. எந்தச் சத்தமும் அதில் படுத்துத் தூங்கிடும்."

தும்பி அந்த வாலையே பார்த்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஓர் உயிரிடம் போய் உன் உடம்பில் கொஞ்சம் கொடு என்று எப்படிக் கேட்பது?

முயல்தான் பேசினாள். "போன வாரம் பெரியதனக்காரர் வரப்பைப் புரட்டினப்போ என் வளையும் போச்சு. உள்ளே நாலு குட்டி. கண்கூடத் திறக்கலை." வாலைத் திருப்பித் தும்பியின் முன்னால் நீட்டினாள். "வாலை எடுத்துக்கோ, அக்கா. ஆனால் என் முடி கட்டின வில்லை என் பக்கமோ என் பிள்ளைங்க பக்கமோ மாமா திருப்பக் கூடாது."

"திருப்ப மாட்டேன்," என்றான் மாசன். மலைமேல் இருக்கிற சாமி கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

கத்தியைத் தும்பியே எடுத்தாள். அடிப்பாகத்தில் விரலளவு விட்டுவிட்டு ஒரே வெட்டு. முயல் கத்தவில்லை. தும்பிதான் அழுதாள். காயத்தில் மஞ்சளும் சாம்பலும் வைத்துக் கட்டி, அவளைத் தன் மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

பிறகு வேலை தொடங்கியது. மாசன் நாணைச் சுண்டுவான், தும்பி ஒரு விரலால் நாணை லேசாகத் தொடுவாள். ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனாள். நடுவிலிருந்து மேலே போனால் ஓரிடத்தில் சத்தம் பாதி விழுந்தது. அங்கே அடையாளத்துக்கு ஒரு நூல் முடிச்சுப் போட்டாள். கீழேயும் அதே அளவில் தொட்டுப் பார்த்தாள், திருப்தி இல்லை. முனைப் பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளியதும் மீதிச் சத்தமும் அடங்கியது. வாலில் இருந்து இரண்டே இரண்டு சிட்டிகை முடிதான் எடுத்தாள். நாணின் புரிகளைப் பிரித்து, முடியை நடுவில் செருகி, நூலால் இறுக்கினாள். பூ மாதிரி விரிந்துகொண்டது.

மாசன் சுண்டினான். தப் என்றது. அவ்வளவுதான்.

அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. "என் வில்லு செத்துப்போச்சு, தும்பி."

"சாகலை. வாயை மூடிக்கிட்டு வேலை செய்யப் போகுது. வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்தால் நல்லதுதான்."

மடியிலிருந்த முயல் வலியோடு சிரித்துவிட்டாள். மாசனும் சிரித்தான், வேறு வழி?

தும்பி அந்த வில்லைச் சாமி கல்லின் முன்னால் படுக்க வைத்துக் கும்பிட்டாள். "சாமி, சத்தம் என்பது மிருகத்துக்கு நீ கொடுத்த எச்சரிக்கை. அதை நான் அடைக்கிறேன். எங்க பிள்ளைகளின் சோத்துக்காக அடைக்கிறேன். தப்பென்றால் என்னைக் கேள், இவரை விட்டுவிடு."

மறுநாள் விடிகிற நேரம். பனி இறங்கிய தினைக்கதிருக்குள் பெரியதனக்காரர் வந்தார். பின்னால் அவருடைய கூட்டம். கீழே குடிசை வாசல்களில் பதினோரு வீட்டுக்காரர்களும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்குக் கச்சேரி இல்லையா?" என்றது பன்றி. "காது காத்துக்கிட்டு இருக்குதே."

மாசன் நாணில் அம்பைத் தொடுத்தான். காதுவரை இழுத்தான். விட்டான்.

தப்.

பன்றி குந்தவில்லை. பழைய பாட்டுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. அம்பு தோளுக்குப் பின்னால் இறகு வரை இறங்கியது. அது இரண்டடி நடந்து, முன்னங்காலை மடக்கியது.

"சொல்லாமல் வந்துட்டியே, மாப்பிள்ளை," என்றது. அதற்குப் பிறகு பேசவில்லை.

கூட்டம் எந்தப் பக்கம் இருந்து அம்பு வந்தது என்றே தெரியாமல் சிதறியது. மலை விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதுதான், திரும்பி வரவே இல்லை. கீழே இருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். மாசனைப் பரணோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தார்கள். அவன், "என்னை விடுங்க, அவளைத் தூக்குங்க," என்று தும்பியின் கையிலிருந்த முயலைக் காட்டினான். வால் போன இடத்தில் கட்டோடு அவள் ஊர்கோலம் போனாள். அந்தக் கொல்லையில் முதல் கதிர் அவளுக்குத்தான்.

தினை வீடு வந்து சேர்ந்தது. பதினோரு அடுப்பும் புகைந்தது. ஒரு குடிசைகூட மலையை விட்டு இறங்கவில்லை. அந்த வருஷம் பெண் கொடுக்க வந்தவர்கள் வில்லைச் சுண்டிப் பார்த்து, டொய்ங்ங் என்று கேட்டால் தாம்பூலத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். தப் என்றால் பாயை இன்னும் கொஞ்சம் விரித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் எல்லாரும் முயல் படுத்த புதரில் உதிர்ந்த முடியைப் பொறுக்கி வந்து தும்பியிடம் வரிசையில் நின்றார்கள்.

அதைப் பார்த்த முயலுக்குத்தான் பயம் பிடித்தது. "மாமா சத்தியம் பண்ணினார், அக்கா. இவங்க யாரும் பண்ணலையே. பன்றிக்கே கேட்கலை. இந்தச் சின்னக் காதை வைத்துக்கொண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

தும்பி உடனே எழுந்தாள். ஊராரை எல்லாம் கல்லின் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். அப்படியும் மனசு ஆறவில்லை. பசி வந்தால் மனுஷர் சத்தியம் எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தனியாகப் போய்க் கல்லில் தலை சாய்த்தாள். "சாமி, எங்களுக்காக அவள் தன் வாலைக் கொடுத்தாள். நீ அவளுக்கு ஏதாவது கொடு."

விடிந்தபோது முயலின் தலையில் இரண்டு நீளக் காது எழுந்து நின்றது. புல் மடங்குகிற ஓசைகூட அதில் விழுந்தது. அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நீ சாமிகிட்ட கொஞ்சம்தானே கேட்டிருப்பே, அக்கா. தாராளமாய்க் கொடுத்திருக்காரே," என்று சொல்லிக்கொண்டு, வரப்பின் மேல் மூன்று குதி குதித்தாள். அடுத்து அவள் போட்ட குட்டிகள் எல்லாம் நீளக் காதும் குட்டை வாலுமாகத்தான் பிறந்தன.

அன்று முதல்தான் நல்ல வில்லின் நாணில், மேலே ஒன்றும் கீழே கொஞ்சம் தள்ளி ஒன்றுமாக, இரண்டு குஞ்சம் கட்டுகிறார்கள். முயலுக்கு வால் ஒரு விரலளவும், காது ஒரு சாணும் ஆனது அன்று முதல்தான்.

உங்கள் கொல்லைப் பக்கம் முயல் வந்தால் கல்லெடுக்காதீர்கள். கை தட்டினால் போதும், போய்விடும்.