கிடை மறிக்காத பாதி

வெகு காலத்துக்கு முன் மாங்கரை நாட்டை வீரகேது என்றொரு அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் மாற்றிச் சொல்வார். அரண்மனைக்கு ஆயிரம் ஆடுகள். அவற்றை இரவில் குடிகளின் நிலங்களில் முறைவைத்து அடைத்துக் கிடை மறிப்பார்கள். புழுக்கைதான் பயிருக்கு எரு.

ஏரிக்கரையில் வயல் வைத்திருந்த பூபாலராயர் அரசருக்கு நெருக்கமானவர்; சபையில் உட்கார்ந்து அரண்மனைப் படி வாங்குபவர். மற்றவர் நிலத்தில் ஆடு படுத்தால் அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு, கிடை முழுவதையும் என் நெல்லுக்கே தாருங்கள். குவித்துக் காட்டுகிறேன். மேட்டுக்காட்டுக் கேழ்வரகுக்குப் போடுவது வீண்!"

"சரிதான்!" என்றார் அரசர்.

மேட்டுக்காட்டு மாராயி சபைக்கே ஓடிவந்தாள். "மகாராசா, கிடை வரலேன்னா எங்களுக்குக் களிக்கே வழியில்ல. ஊரைக் காலி பண்ணிட்டுப் போகவேண்டியதுதான்!"

அரசர் குழம்பிப்போய் அமைச்சர் செம்பியனாரைப் பார்த்தார்.

"இருவருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே அளவு கிடை. எந்தப் பயிர் எருவை நன்றாகப் பயன்படுத்துகிறதென்று அளந்துவிடுவோம்" என்றார் அமைச்சர்.

அறுப்பு நாளில் அரசர் வயலுக்கே வந்தார்.

"ராயரே, இரண்டு நிலத்திலும் பாதியில்தான் கிடை மறித்தேன். உம் வயலில் மறிக்காத பாதி எது?" என்று அமைச்சர் கேட்டார்.

வயல் பக்கமே வராத ராயர் இரு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். நெல் எங்கும் ஒன்றுபோல நின்றது. "கிழக்கே" என்றார் துணிந்து.

"அங்கேதான் மறித்தேன்."

மாராயியின் காட்டில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேற்குப் பாதி சவலையாய் நின்றதை அரசரே பார்த்தார்.

பாதி பாதியாக அறுத்து அளந்தார்கள். ராயருக்கு எரு இல்லாமல் முப்பது மரக்கால், எருவோடு முப்பத்தொன்று. மாராயிக்கு எரு இல்லாமல் மூன்று, எருவோடு ஒன்பது.

"எனக்கு அறுபத்தொன்று, அவளுக்குப் பன்னிரண்டு!" என்று ராயர் துள்ளினார்.

"அதில் அறுபதை ஏரி வண்டலே தந்திருக்கும். எரு தந்தது ஒரே ஒரு மரக்கால். அவள் காட்டிலோ ஆறு" என்றார் அமைச்சர்.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "கிடை இனி மேட்டுக்காட்டுக்கே!" அமைச்சருக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மாராயிக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"பிரபு, அடியேனை மறந்துவிடாதீர்கள்" என்று ராயர் நெளிந்தார்.

"மறப்பேனா? இத்தனை வருடம் உமக்கு அரண்மனைப் படி அளந்தேன். அளக்காவிட்டால் சபையில் என்ன குறையும் என்று ஒரு போகம் பார்ப்போமே. நீர் வீட்டிலேயே இரும்."

போகம் முடிந்தது. அரசர் சபையைக் கூட்டிக் கேட்டார். என்ன குறைந்தது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.