வாலைப் பிடித்துக் கடந்த ஆறு

வெயிலுமுத்துவுக்குக் கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை. மனைவி செத்த நாளோடு சரி. ஆற்றங்கரை மடத்தில் சீடராகத்தான் இருந்தார். ஆனால் சன்னிதியைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். குரு அவரைவிட இளையவர். பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு விடியலில் அக்கரையிலிருந்து, மூடுபனிக்குள், யாரோ கூவினார்கள்.

"வெயிலுமுத்தண்ணே, பேச்சிக்கு வலி கண்டாச்சு. பிள்ளை குறுக்கே கிடக்கு. அவ அப்பாவைக் கேட்டு அழுறா."

பேச்சி அவருடைய ஒரே மகள். அவர் கரைக்கு ஓடினார். ஆற்றில் வெள்ளம். கட்டியிருந்த ஓடத்தைக் காணவில்லை. கட்டின கயிறு மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சாமி," என்றார் பின்னால் வந்த குருவிடம். "மலையில மழை பெய்ய அவனுக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சிருக்கு. அவ அம்மாவைக் கொண்டுபோனான். இப்ப இவளையும் கேக்குறான். இதையெல்லாம் ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்னு எப்படி நம்புறீங்க?"

குரு கொட்டிலுக்குப் போய் மடத்து எருமையை அவிழ்த்து வந்தார்.

"வாலைப் பிடியும்."

வெயிலுமுத்து பிடித்தார். அவர் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, அதன் முனையைக் குரு பிடித்துக்கொண்டார்.

"நீர் விட்டா நானும் போயிடுவேன்."

"நல்ல ஆளைத் துணைக்குக் கூட்டினேன்," என்று முணுமுணுத்தார் வெயிலுமுத்து.

எருமை இறங்கியது. கொஞ்ச தூரத்தில் காலுக்குத் தரை எட்டவில்லை. குரல் வந்த பக்கம் நீந்தாமல், எருமை வெள்ளத்தோடு சாய்ந்து ஆற்றின் போக்கில் போயிற்று.

"சாமி, தப்பாப் போகுது."

அவர் வாலைக் குரல் வந்த பக்கம் இழுத்தார். எருமையின் தலை தண்ணீருக்குள் போய், சீறிக்கொண்டு மேலே வந்தது.

"இழுக்காதேயும். அது மூழ்கிடும்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"பிடிச்சிருக்கீரே."

பிறகு கரைகள் இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாக இருந்தன. வேரோடு ஒரு வாழை, குலை தள்ளியபடி, பக்கத்தில் மிதந்து வந்து விலகிப் போனது. தாங்கள் போகிறோமா, ஆறுதான் போகிறதா என்று அவருக்கு விளங்கவில்லை. எங்கோ கோழிகளை அழைக்கும் குரல் கேட்டது. மனைவியின் குரல் போலிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கையில் ஈரமான வால் ஒன்றுதான் இருந்தது.

வெகுநேரம் கழித்துக் காலில் சேறு தட்டியது. கோரைப்புல் காட்டுக்குள் ஏறினார்கள்.

"எங்கே வந்திருக்கோம்?"

"தெரியலை."

"பேச்சி பிழைப்பாளா?"

"அதுவும் தெரியலை."

வெயிலுமுத்து குருவின் பக்கம் திரும்பினார். "வழியே தெரியாமலா இந்த வெள்ளத்துல இறங்கினீங்க?"

குரு துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"வழி எனக்குத் தெரியாது, வெயிலுமுத்து. எருமையைத் தெரியும்."

எருமை உடம்பை உதறிவிட்டு, புல்லை விலக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தது. மேட்டில், பனிக்குள், நாய்கள் குரைத்தன.

வெயிலுமுத்து அதன் பின்னால் போனார். தரைக்கு வந்த பிறகும் அவர் வாலை விடவில்லை.