வடசரிவில் இல்லாத செடி

“அம்மா, உங்க ஆடுகளை மலையிலேர்ந்து இறக்கச் சொல்லி வனத்துறைக்கு எழுதப்போறேன். மனசு கேக்கல. அதான் முதல்ல உங்ககிட்ட சொல்ல வந்தேன்.”

சொன்னவர் தணிகாசலம். இளவேனில்தோறும் அந்த மலையின் காட்டுச்செடிகளைக் கணக்கெடுப்பவர். ஐந்து வருஷமாக அவர் நடந்த நடையை நீட்டி வைத்தால், நிலாவைத் தொட்டுத் திரும்பி, மிச்சத்தில் டீக்கடைக்கும் போய் வரலாம்.

கேட்டவள் உண்ணாமலை. ஆடு மேய்ப்பவள், அவரைவிடப் பத்து வயது சின்னவள். அவர் ஏட்டில் இருக்கும் பாதிச் செடிகளின் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது. அதனால் அவளைக் குரு என்பார்.

“கம்முனு இரு சார்” என்பாள் அவள்.

இன்று அப்படிச் சொல்லவில்லை.

“இந்தப் பதினேழு ஆட்ட விட்டா எனக்கு வேற கதி ஏது? அதுங்க என்னா பண்ணுச்சு?”

“ஒட்டுமுள் செடி. முதல் வருஷம் அடிவாரத்துல ஒரே ஒரு புதர். இப்போ நான் கயிறு கட்டிப் பாக்கிற அறுபது கட்டத்துலயும் இருக்கு. மத்த செடியெல்லாம் மூச்சுத் திணறுது. விதை ஆட்டு மேல ஒட்டிக்கிட்டு ஏறுது. இனி ஆட்ட மேல ஏற விடமாட்டேன்.”

“என் ஆடு மேயறது வடசரிவுல. அங்க பாத்தியா?”

“அங்க எனக்குக் கட்டம் இல்லையே.”

“போய்ப் பாரு.” கொடியில் கிடந்த புருஷன் வேட்டியை உருவி எறிந்தாள். “கால்சட்டையக் கழட்டிட்டு இதக் கட்டிட்டுப் போ. பூட்ஸும் வேணாம்.”

“எதுக்கு?”

“குருன்னு சொன்ன இல்ல?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள். பாறை இடுக்கு விடவில்லை, பள்ளம் விடவில்லை. வடசரிவில் அவர் குனிந்து பெயர் கேட்காத புல் கிடையாது. மூன்றாம் நாள் காலை, உள்ளங்கால் வீங்கி வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணுகூட இல்லை.”

“தினம் அந்த அடிவாரப் புதர உரசிட்டுதான் என் ஆடுங்க அங்க போகுது.”

“அப்போ என் கட்டத்துக்கெல்லாம் யாருதான் கொண்டாந்தது?”

உண்ணாமலை பட்டிக்குப் போனாள். அவர் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போன கால்சட்டையை எடுத்துவந்து அவர் மடியில் போட்டாள்.

முழங்காலுக்குக் கீழே துணியே தெரியவில்லை. அத்தனையும் ஒட்டுமுள் விதை.

ஒன்றைப் பிடுங்கினார். இன்னொன்று. இன்னொன்று.

பிறகு ஏட்டைத் திறந்தார். ‘பரப்பும் விலங்கு’ என்ற இடத்தில் ‘ஆடு’ என்று இருந்தது. அடித்தார். பேனா அந்தரத்தில் நின்றது.

“எழுது சார்” என்றாள் உண்ணாமலை. “இனிஷியலோட.”