மஞ்சள் வைத்த பழந்துணி

சிரிப்பு வரும் கதை இது. சத்தியமாக வரும். உடனே வராது, அதுவரை கொஞ்சம் மழையில் நனையுங்கள்.

ஐப்பசி அடைமழை. ஆற்றங்கரையில் ஒரு மடம். ஆறு அன்றைக்கு ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே சாயப்பட்டறைகளில் ஊதாத் துணி முக்குகிறார்கள் என்று அர்த்தம்.

மடத்தின் குரு பாவாயி அம்மாளுக்கு நாற்பது வயது. சீடர் அர்த்தநாரிக்கு அறுபத்தெட்டு. முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் பேச்சில் முதலில் ஒரு கனைப்பு. பிறகு, கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாக வரும்.

"அம்மா, பாவம் ஒட்டாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூடவா இல்லை?"

"எதுக்குங்க?"

"தீபாவளிக்கு. என் மகனுக்குக் கொடுக்க."

அம்மா தலை நிமிரவில்லை. கூடையில் கிடந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊரார் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போகிற துணிகளைத் துவைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் அந்த மடத்தின் வேலை. தியானமும் அதுதான்.

மகன் வெள்ளியங்கிரி சாயப்பட்டறை வைத்திருந்தவன். "ஆற்றைக் கொன்ற காசு என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது" என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் அர்த்தநாரி சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது மகனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முந்தாநாள் மருமகள் போனில் கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வந்த குரல்.

"மாமா... இந்தத் தீபாவளிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க மாமா... அடுத்த தீபாவளியப் பத்திக் கேட்டா டாக்டரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு..."

சிரிப்பு இன்னும் வரவில்லை. தெரியும்.

"நேத்தே போயிருக்கலாமுங்களே," என்றார் அம்மா.

"வெறுங்கையோடவா? கடைகடையாக ஏறி இறங்கினேன். பட்டு என்றால் புழுவை உயிரோடு வேகவைக்கிறான். பட்டாசு என்றால் எவள் கை கருகியதோ. பாலியெஸ்டர் என்றால் மண்ணில் மக்காது."

"கடைக்காரரு என்ன சொன்னாரு?"

கடைக்காரன் குரல் வெல்லப்பாகு. 'எடுத்துக்கங்க சார், ஆயிரம் தடவை அலசுனாலும் சாயம் எங்கயும் போவாது சார்!'

"ஆற்றில் போகிறதே அது என்ன என்று கேட்டேன். மற்ற கிராக்கிகளுக்கு வழிவிடச் சொல்லிவிட்டான்."

அம்மா சிரிக்கவில்லை.

"இப்படியே தேடிட்டிருந்தா தீபாவளி போயிடும்."

"சுத்தமாக ஒன்று கிடைக்கட்டும். கிளம்பிவிடுவேன்."

"போறதுக்குப் பயமா இருக்குங்களா?"

அவர் குடையைச் சுருக்கினார். விரித்தார். மறுபடி சுருக்கினார்.

அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். ஒரு வேட்டி, ஒரு சட்டை. கைத்தறி. துளி சாயம் படாத வெள்ளை.

"பழசுதானுங்க. ஆனா யாரும் உடுத்தல."

"உடுத்தாதது எப்படிப் பழசாகும்?"

"வாங்க வேண்டியவரு வாங்காம விட்டா ஒரே நாள்ல பழசாயிடுமுங்க."

ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்து அர்த்தநாரி கண்ணை மூடித் தலையாட்டினார்.

இதோ, பக்கத்தில் வந்துவிட்டது. பொறுங்கள்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். நூலை நிமிண்டினார். அவருக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. வேட்டியின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கறை.

"மஞ்சள் வைத்திருக்கிறார்களே!"

"ஆமாங்க. ஆசையா வெச்சிருக்காங்க."

"மஞ்சள் வைத்துக் கொடுத்ததையா ஒருவன் வேண்டாமென்று தள்ளினான்? பிரித்தாவது பார்த்தானா?"

"இல்லீங்க. நாந்தான் பிரிச்சேன்."

"கல்நெஞ்சன்."

"அப்படிங்களா?"

"பின்னே? இவனையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். மடையன்!"

"ம்," என்றார் அம்மா.

அர்த்தநாரி சட்டையை விரித்துத் தோளை அளந்தார். "கொஞ்சம் சின்னதாக இருக்கும்போலிருக்கிறதே. வெள்ளியங்கிரி ஆள் பெருசு."

"இப்ப வத்தியிருப்பாருங்க."

அர்த்தநாரி சட்டையை மெல்ல மடித்தார்.

"சரி, கட்டிவிடலாம்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "பளபளத் தாளெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே உபயோகித்த தாள் ஏதாவது இருந்தால் கொடுங்கள்."

"இருக்குதுங்க."

அம்மா ஒரு காக்கித் தாளை நீட்டினார். பார்சல் வந்த தாள். நாலாக மடித்து வைத்திருந்தார்.

அர்த்தநாரி சணல் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தாளைத் தரையில் விரித்தார். எழுதியிருந்த பக்கம் உள்ளே போகட்டும் என்று துணியை அதன் மேலேயே வைக்கப்போனார்.

கை நின்றது.

பெறுநர் என்ற இடத்தில் அவர் பெயர். அனுப்புநர் என்ற இடத்தில் வெள்ளியங்கிரி. அவரே கைபிடித்துப் பழக்கிய எழுத்து. கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.

போன தீபாவளிக்கு வந்த பார்சல். பிரிக்காமல் கொண்டுவந்து, இந்த மடத்துக் கூடையில் அவரே போட்டுவிட்டு, வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு போனார். அதற்கு முந்தைய நாலு வருஷமும் அப்படித்தான்.

கயிறு வாயிலிருந்து விழுந்தது.

"மத்த நாலும்?" குரலில் கனைப்பு இல்லை.

"மூணைக் கேட்டவங்களுக்குக் கொடுத்தாச்சுங்க. ஒண்ணை, ஆத்துல மிதந்து வந்த ஒருத்தருக்குப் போத்தி விட்டோம். யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல."

"எல்லாம்... வெள்ளையா?"

"எல்லாம் சாயம் போடாததுங்க."

மேலேயிருந்து ஊதா நுரை வந்துகொண்டே இருந்தது. அவர் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப, அவனுக்கு நான் என்னத்தக் கொண்டு போறதும்மா?"

அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தச் சட்டைய நீங்க மாட்டிட்டு வாங்க. பஸ் வந்துடும்."