லிஃப்டில் ஒட்ட வேண்டிய தாள்

"ஏழு தடவை எழுதியாச்சு, மேடம். இன்னும் என்னதான் குறை?"

ஆவுடையப்பனின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தாறு வயசு. எதிரே உட்கார்ந்திருந்த மெஹருன்னிசா டீச்சருக்கு முப்பத்தொன்று.

டீச்சர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"யார் படிப்பாங்க, அண்ணாச்சி?"

"பொதுமக்கள்."

தாள் திரும்பவும் அவர் கைக்கே வந்தது. சிவப்பு மையில் ஒரு கோடுகூட இல்லை.

இதே கேள்வி, இதே பதில், ஏழு தடவை. மனுஷனுக்குக் கோட்டி பிடிக்காமல் வேறென்ன செய்யும்?

அது தொழில்முறை எழுத்துக்கான இளங்கலைப் படிப்பு. மாலைக் கல்லூரி. கதை, கவிதை எல்லாம் அங்கே செல்லாது. மருந்து டப்பாவுக்குள் மடிந்து கிடக்கும் தாள், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, மிக்சியோடு கூட வருகிற குறிப்பு, இதையெல்லாம் யாரோ ஒருத்தர் எழுதத்தானே வேண்டும்? அந்த யாரோ ஒருத்தருக்கான படிப்பு.

கடைசி வருஷம் பரீட்சை கிடையாது. ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். அது ஊருக்குள் ஒரு சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டுகிற இடத்துக்கே டீச்சர் வந்து, அங்கேயே நின்று படிவத்தில் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நேரத்தையும் குறிப்பார். அதுதான் அந்தத் துறையின் வழக்கம்.

ஆவுடையப்பன் இருபத்திரண்டு வருஷமாக ஓர் ஆபீசில் சுற்றறிக்கை எழுதுகிறவர். அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். டிகிரி இல்லை என்ற ஒரே காரணத்தால் சூப்பிரண்டு நாற்காலி மூன்று தடவை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. 'எழுதத்தானே சொல்றாங்க, நமக்கு இது தண்ணி பட்ட பாடு' என்று வந்து சேர்ந்தார்.

மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஐந்து வருஷம் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிறது. படிவத்தை நாளைக்குக்கூடக் கொடுக்கலாம். ஆனால் கையெழுத்து ஐந்துக்குள் விழுந்திருக்க வேண்டும்.

"அஞ்சு மணிக்கு மேல என் பேரே ரிஜிஸ்டர்ல இருக்காது, மேடம். தெரியும்லா?"

"தெரியும்," என்று டீச்சர் எழுந்தார். "வாங்க, லிஃப்டுக்குப் போவோம்."

ஜங்ஷன் பக்கம் ஆறு மாடிக் கட்டடம். மாடிக்கு மாடி டாக்டர்கள். லிஃப்ட் அந்தக் காலத்துப் பெட்டி. கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். கரண்ட் போனால் அந்தரத்தில் நின்றுவிடும். அப்படி நின்றால் உள்ளே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? அதுதான் ஆவுடையப்பன் எழுதின பக்கம்.

"நீங்க லிஃப்ட்ல வாங்க, நான் படியில வர்றேன். ஆறாவது மாடியில பார்ப்போம்."

"எழுதினவனுக்கே சோதனையா, மேடம்?"

"எனக்கு நடக்கணும், அண்ணாச்சி. காலையில இருந்து உட்கார்ந்தே இருக்கேன்."

லிஃப்டுக்குள் ஏற்கெனவே ஒரு அம்மாள் நின்றாள். ஐம்பது வயசிருக்கும். கையில் கஞ்சித் தூக்கு.

"ஆறாவது மாடி," என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேசன் ஆயிருக்கு. எனக்கு இந்தப் பெட்டின்னாலே ஆவாது. முட்டு வலி, படி ஏற முடியல. அதான்."

பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டே ஏறியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது. விளக்கு அணைந்தது.

"யம்மா!"

படிக்கட்டிலிருந்து டீச்சர் குரல் வந்தது. "அண்ணாச்சி, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"இருக்கோம், மேடம்."

"கரண்ட் போயிருச்சு. வாட்ச்மேன் மேல போய்க் கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கணும். நான் கூட்டிட்டு வர்றேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க."

செருப்புச் சத்தம் கீழே இறங்கி மறைந்தது.

என்ன பேச? ஆவுடையப்பனுக்குச் சட்டென்று நெஞ்சு நிமிர்ந்தது. அட, நம்ம தாளுக்கு வந்த யோகத்தைப் பாரேன்! இதற்குத்தானே எழுதியது!

செல்போன் விளக்கைப் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'இம்மின்தூக்கியைப் பயன்படுத்தும் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. மின்தடை உள்ளிட்ட தவிர்க்க இயலாத காரணங்களால் இயக்கத்தில் தற்காலிக இடையூறு ஏற்படும் பட்சத்தில்...'"

"என்னது?"

"'...பயனாளர்கள் பதற்றம் தவிர்த்து நிர்வாகத்திற்கு முழு ஒத்துழைப்பு நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஒன்று...'"

"ஏ அண்ணாச்சி! நான் பொழைப்பனா மாட்டனா, அதைச் சொல்லும்! கோர்ட்ல வாசிக்க மாதிரி வாசிக்கீரு!"

"இருங்க, இப்பத்தானே ஒண்ணாவது வருது."

அவள் இருக்கவில்லை. தூக்கைக் கீழே வைத்தாள். கம்பிக் கதவைப் பிடித்து இழுத்தாள். அது திறந்துகொண்டது.

பெட்டி மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. கீழ்ப்பாதியில் மூன்றாம் மாடியின் கதவு தெரிந்தது. அதன் கொக்கி எந்தக் காலத்திலோ போய்விட்டது. அவள் காலால் தள்ளியதும் அதுவும் விலகியது. மூன்றாம் மாடித் தரை ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, எட்டிக் குதித்துவிடலாம் போலத்தான் தெரிந்தது.

அவள் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே போட்டாள்.

பெட்டிக்கு அடியில் இருப்பது வெறும் இருட்டு. குதிக்கிறவர் தரையில் விழுந்து பின்பக்கம் சறுக்கினால் மூன்று மாடி ஆழம். ஆவுடையப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். எழுதியும் இருக்கிறார். ஒன்பதாவது குறிப்பாக. தாளின் கடைசியில்.

அவர் இன்னும் ஒன்றிலேயே நின்றார்.

தாள் கையிலிருந்து நழுவி அந்த இருட்டுக்குள் போயிற்று.

"பயப்படாதீங்க!" என்று கத்தினார்.

அவள் அலறிக்கொண்டு இரண்டாவது காலையும் வெளியே போட்டாள்.

"அக்கா! காலை உள்ள எடுங்க! கீழ குழி!"

அவள் அப்படியே உறைந்துபோனாள்.

"காலை உள்ள எடுங்க. ஆங், அந்தக் காலையும். கதவைத் தொடாதீங்க. பின்னால நகருங்க."

நகர்ந்தாள்.

"மூச்சு முட்டுதே!"

"முட்டாது. கம்பிக் கதவுதானே. காத்து வருது, கையை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தாள்.

"கயிறு அறுந்துருமா?"

"அறாது. கரண்ட்தான் இல்ல. பெட்டி இப்படியே நிக்கும், விழாது."

"யாரும் வர மாட்டாவளா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க. கொஞ்ச நேரம் ஆகும். சுவத்துல சாஞ்சு உட்காருங்க."

உட்கார்ந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"நீரும் பயந்துதான் போயிருக்கீரு."

"ஆமா, அக்கா. பயந்துதான் போயிருக்கேன்."

அதைக் கேட்டதும் அவளுக்கு ஏனோ மூச்சு சீரானது. "இந்தத் தூக்கைக் கொஞ்சம் பிடியும், கஞ்சி கொட்டிராம," என்றாள்.

பிடித்துக்கொண்டார்.

மேலே எங்கோ சக்கரம் முனகியது. பெட்டி அங்குலம் அங்குலமாக இறங்கி மூன்றாம் மாடித் தரையைத் தொட்டது. வெளியே டீச்சர் நின்றிருந்தார், கையில் நோட்டும் பேனாவுமாக. வாட்ச்மேனை மேலே அனுப்பிவிட்டுப் படியில் வரும்போதே உள்ளே பேசினதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் தூக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். "முட்டு வலியாவது மண்ணாவது" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிப் படியேறிப் போனாள்.

ஆவுடையப்பன் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். மணி நாலு நாற்பத்தேழு.

"தாள் குழிக்குள்ள போயிருச்சு, மேடம். வேற நகல் கிடையாது."

டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார்.

'பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க, கீழே குழி. காத்து வருது, மூச்சு முட்டாது. பெட்டி இப்படியே நிக்கும், விழாது. ஆள் வந்துக்கிட்டிருக்கு. சுவத்துல சாஞ்சு உட்காருங்க.'

"இது நான் பேசினதுல்லா?"

"ஆமா."

"இதையா ஒட்டச் சொல்றீங்க? ஒரு 'நல்குமாறு'கூட இல்லையே!"

டீச்சர் பேனாவை மூடிக்கொண்டார்.

ஆவுடையப்பன் மறுபடி படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்து டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் பேனா மூடியைத் திறந்தார்.

ஒரு கையெழுத்து. அது விழுந்தால் ஐந்து வருஷப் பாடு தீர்ந்தது.

"இருங்க, மேடம்."

பேனா நின்றது.

"அந்தம்மா ஒரு காலைத்தான் முதல்ல வெளிய போட்டாங்க. ரெண்டாவது காலை நான் பேசின பிறகுதான் போட்டாங்க. ஏன் அப்படி?"

"ஏன்?"

"தெரியல. அவங்களைத்தான் கேக்கணும்."

"மணி நாலு ஐம்பது, அண்ணாச்சி. மூணு மாடி ஏறி இறங்கணும்."

ஆவுடையப்பன் மணியைப் பார்த்தார். சனியன் பிடித்த சந்தேகம், இப்பவா வரணும்! நேற்று வந்திருக்கக் கூடாதா? சூப்பிரண்டு நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. பேசாமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

நாளைக்கு வேறொருத்தி அந்த விளிம்பில் உட்காருவாள்.

தாளை எடுத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அவருக்கே பயம்.

ஆறாம் மாடியில் அந்த அம்மாள் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டி முடிக்கட்டும் என்று காத்து நின்றார். சுவரில் கடிகாரம் ஓடியது. ஐந்தைத் தாண்டியும் ஓடியது. அந்த முள் தாண்டும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார்.

பிறகு அவளிடம் தாளை வாசித்துக் காட்டினார்.

"எல்லாம் சரிதான்," என்றாள். "அந்த மொதச் சொல்லை மட்டும் எடுத்துரும்."

"பயப்படாதீங்கங்கறதையா?"

"நீரு அப்படிக் கத்துன பொறகுதான் எனக்கு உசுரே போச்சு. என்னமோ ஆவப் போவுது, இவரு மறைக்காருன்னு நெனச்சேன். அதான் குதிச்சிருவோம்னு பாத்தேன்."

கீழே வந்தபோது மணி ஐந்தேகால். டீச்சர் அதே படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தையை அடிச்சிட்டேன், மேடம்." "டிகிரி போனாப் போகுது. இதை மட்டும் ஒட்டிரணும். வாட்ச்மேன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

டீச்சர் படிவத்தை நீட்டினார்.

அதில் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் நேரமும் இருந்தது. நாலு ஐம்பத்தொன்று.

ஆவுடையப்பன் அந்த நேரத்தின் மேல் விரலை வைத்தார்.

"நாலு ஐம்பத்தொண்ணுக்கு நான் படி ஏறிக்கிட்டில்லா இருந்தேன், மேடம். இந்தத் தாள் அப்ப முடியவே இல்லையே?"

"தாளுக்கா கையெழுத்துப் போட்டேன், அண்ணாச்சி?"