தாய்வீடு வந்த கெண்டைகள்

கோரைக்குளத்துத் தலைவர் நீர்நாய்க்கு முதல் மழை விழுந்தாலே பழைய நினைப்பு வந்துவிடும்.

முன்பெல்லாம் மழை விட்டதும் தேரை கல்மேல் ஏறித் தொண்டையைச் செருமும். "கெண்டைத் தங்கச்சிகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாச்சு! மாமன்மாரே, சீர் கொண்டு வாங்க!"

மாமன்கள் யார்? நாரை, தண்ணீர்ப்பாம்பு, மீன்கொத்தி, நீர்நாய்! ஆளுக்கொரு அல்லி இதழை வாயில் கவ்விப் போய், கோரை ஓரத்தில் மிதக்கவிடுவார்கள். கெண்டைகள் முட்டையிட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் இரை தேடமாட்டார்கள். தேரையின் கதையும் பாட்டுமாகக் குளமே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

மீன்கொத்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"தலைவரே, நான் மீன் எண்ணுகிறேன், ஆழம் பார்க்கிறேன். இந்தத் தேரை என்ன கிழிக்கிறது? மீன் எப்படி நமக்குத் தங்கச்சி ஆகும்?"

"அதானே!" என்றது நீர்நாய். "தேரையாரே, கதை போதும். கோரைப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் தீர்ந்தது!"

தேரை கல்லைவிட்டு இறங்கி வயல்பக்கம் போய்விட்டது.

சட்டம் வந்தது. யார் மதித்தார்கள்? "ஒன்றே ஒன்று" என்றது நாரை. "நாரை தின்னலாம், நான் தின்னக் கூடாதா?" என்றது பாம்பு. மீன்கொத்தி எண்ணிக்கொண்டே தின்றது!

கோடையில் குளத்தில் தண்ணீர் இருந்தது, மீன்தான் இல்லை. நீர்நாயின் குட்டிகள் பசியில் சேற்றைக் கிளறின.

"குறைகிறது என்று நான் தினம் சொன்னேனே!" என்றது மீன்கொத்தி.

"சொன்னாய். வாயில் மீனை வைத்துக்கொண்டு சொன்னாய்!"

நீர்நாய் வயலுக்கு ஓடியது. "தேரையாரே, திரும்பி வாங்க!"

"எதற்கு? பொய்க்கதை சொல்லவா?"

"பொய்யோ மெய்யோ, அந்தக் கதை இருந்தவரை கெண்டை எனக்குத் தங்கச்சி. இப்போது வெறும் இரை. என் குட்டிகள் பட்டினி, ஐயா!"

தேரை யோசித்தது. "வருகிறேன். மீன்கொத்தியும் என் பக்கத்தில் உட்காரட்டும். எத்தனை தங்கச்சிகள் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல ஆள் வேண்டாமா?"

முதல் மழை பெய்தது. தப்பிப் பிழைத்த நாலைந்து கெண்டைகள் பயந்து பயந்து கோரைக்குள் நுழைந்தன. தேரை செருமியது. அந்தப் பழைய குரல் கேட்டதும் நீர்நாய்க்குக் கண் கலங்கியது. அல்லி இதழைத் தண்ணீரில் மெல்ல விட்டது.

"அப்பா, பசிக்குது! அந்த மீனைப் பிடிக்கட்டுமா?" என்றது குட்டி.

"சீ! அது உன் அத்தை. இந்தா, நீயும் ஒரு இதழ் விடு!"

குளத்தில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த மிச்சத்தைத் தின்று தீர்க்காமலிருக்க, அது நமக்கு என்ன உறவு என்று சொல்லும் கதையும் வேண்டும்.