டார்சியருக்கு எந்தத் தட்டு?

அந்தக் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபத்திரண்டு.

சீடர் அருமைநாயகம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கி ஓய்வு பெற்றவர். மறுநாள் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தானே விலங்குகளைக் காட்டி விளக்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

"குரங்கினத்து அலமாரியை, எது எதுக்குச் சொந்தம்னு பார்த்துச் சரியா அடுக்குங்க. அப்புறம் பிள்ளைங்ககிட்ட பேசலாம்" என்றிருந்தார் பேராசிரியர் பூங்கோதை.

இரண்டு முறை தவறிவிட்டது. மூன்றாம் முறையும் மேல் தட்டில் மடகாஸ்கர் லெமூர், தேவாங்கு, உள்ளங்கையளவே இருக்கும் டார்சியர். கீழ்த் தட்டில் குரங்குகள். எல்லாம் பாடம் செய்து பஞ்சடைத்த உடல்கள்.

"டார்சியர் கீழே வரணும் சார்."

"எப்படி மேடம்? தேவாங்கைப் பாருங்க, இதைப் பாருங்க. அதே முட்டைக் கண்ணு. ரெண்டும் ராத்திரியிலதான் வெளியே வரும். முப்பத்தாறு வருஷம் பிரிச்ச கை இது. ஒரு கடிதம் தப்பினதில்ல."

பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்தார்.

"செல்லக்கிளி மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. வாங்க, போயிட்டு வந்து பேசலாம்."

செல்லக்கிளி பகலில் அருங்காட்சியகத்தைத் துடைப்பவள். இரவில் ஆஸ்பத்திரி வேலை. ஒல்லி உடம்பு. கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

கோயில் மண்டபத்தில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும்.

"மாமனைக் கூட்டிட்டு வந்து மணையில உட்கார வைங்க சார்" என்றார் பூங்கோதை.

அருமைநாயகம் கூட்டத்தை ஒரு முறைதான் பார்த்தார். ஓரமாக நின்ற ஒருவருக்குச் செல்லக்கிளி மாதிரியே ஒல்லி உடம்பு, கருவளையம், பெரிய கண்கள். அந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து, குழந்தையையும் மடியில் வைத்தார். அந்த ஆள் திருதிருவென்று விழித்தார்.

மண்டபமே சிரித்தது.

"ஐயோ சார், அவரு மைக்செட் போடுறவரு!" செல்லக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மாதிரி ராத்திரியெல்லாம் முழிக்கிற ஆளு. எங்கண்ணன் அதோ வருது!"

வந்தவர் தவில் மாதிரி இருந்தார். மீசை காதுவரை போயிருந்தது.

"என் இடத்தையே தூக்கிக் குடுத்துட்டீங்களே சார்!" என்று சிரித்தபடி மணையில் அமர்ந்தார். குழந்தையைப் பிடித்த கையில் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அருமைநாயகம் செல்லக்கிளியின் கையைப் பார்த்தார். அதே வளைவு.

திரும்பி வரும் வழியில் அவருக்கு மனசு ஆறவில்லை.

"குழந்தைகூட அந்த ஆள் மடியில அழல மேடம்."

"அதுக்கு ஒரு வயசு சார்."

அருமைநாயகம் நடையை எட்டிப் போட்டார். அருங்காட்சியகம் வந்ததும் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்து லென்ஸை எடுத்தார். கண்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தார். லெமூருக்கும் தேவாங்குக்கும் நாய்க்கு இருப்பதுபோல் மயிரில்லாத, பிளந்த மூக்கு நுனி. டார்சியருக்கு அப்படி இல்லை. கீழ்த் தட்டில் எந்தக் குரங்குக்கும் இல்லை. தன் மூக்கையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

டார்சியரை இரண்டு கைகளாலும் எடுத்துக் கீழே வைத்தார்.

பூங்கோதை அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குப் பிள்ளைங்ககிட்ட எங்கேருந்து ஆரம்பிக்கட்டும் மேடம்?"

"மைக்செட்காரரை மணையில உட்கார வச்சீங்களே, அங்கேருந்து."